ஐந்துக்குக் கீழே

மெரிட்செல்,
வரலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய்.
பார்சலோனாவின் நான்காம் மாடியில்
வாடகை உயர்வுக் கடிதத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு
கேட்கிறாய் என்பது தெரிகிறது.
நானும் அப்படித்தான் கேட்டேன், யாரையோ.

வீடு பரவாயில்லை.
அங்கே கார் நிறுத்தக் கொடுத்த காசுக்கு
இங்கே மூன்று அறை, ஒரு நிலவறை,
முன்பிருந்தவர்கள் விட்டுப்போன பதினோரு நாற்காலிகள்.
சுவர் இரண்டு முழக் கனம்.
ஆகஸ்டில் அது வரம்.
ஜனவரியில் குளிர் உள்ளே வந்து
தானே கதவைச் சாத்திக்கொள்ளும்.

ரொட்டி வண்டி செவ்வாயும் வெள்ளியும்.
ஹாரன் கேட்டு ஈரத் தலையோடு ஓடினால்
வரிசையில் நிற்கும் ஆறு பேருக்கும் தெரிந்துவிடும்
நான் பத்தரைக்குக் குளிக்கிறவள் என்று.
மருந்துக்கடை விசித்தாசியோன்
என் தூக்க மாத்திரையை நீட்டும்போது
"போன மாதத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிட்டதே" என்பாள்,
கடை முழுக்கக் கேட்கும்படி, உள்ளன்போடு.
உள்ளன்புதான்.
அதுதான் சிக்கல்.

ஊர்த்தலைவரே குழாய் ரிப்பேர்காரர்.
குப்பை வரிக்குச் சண்டை போட்டால்
வெந்நீர் வர ஒன்பது நாளாகும்.
சோதித்துப் பார்த்துவிட்டேன்.

எலோய் மாறிவிட்டான்.
மெட்ரோவில் தோளைக் குறுக்கியே நின்றவன்
கையை வீசி நடக்கிறான்.
காற்று பலத்தால் இணையம் போகும்,
கூடவே அவன் சம்பளத்தில் கொஞ்சமும் போகும்.
அப்போது பாதாம் மரங்களுக்கு நடுவே போய் நின்று
வாய்க்கு வந்தபடி திட்டுவான்.
யாரும் சுவரைத் தட்டுவதில்லை.

மணிக்கூண்டு ஒவ்வொரு மணியையும்
இரண்டு தடவை அடிக்கும்,
முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக.
தூக்கம் வராதவர்களுக்கு
இரவு இரண்டு மடங்கு.

இதைச் சொல்லத்தான் சுற்றி வளைக்கிறேன்.
பள்ளிக்கூடத்தில் ஐந்து பிள்ளைகள்.
ஐந்துக்குக் கீழே போனால் பூட்டு.
ஐந்தில் இரண்டு என்னுடையவை.
வந்த வாரம் வாசலில் முட்டை இருந்தது.
பிறகு விறகு.
பிறகு தோலுரித்த முயல், செய்தித்தாளில் சுற்றி.
பெயரில்லாத அன்பளிப்புகள்; நின்று அழுதேன்.
மூன்றாம் மாதம்தான் உறைத்தது:
ஊர் எங்களுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஹிமேனாவுக்கு மூச்சு இழுத்தது.
தெருவேல் மருத்துவமனைக்கு எழுபது நிமிடம்,
அதில் நாற்பதும் வளைவு.
இரவு இரண்டு மணி, சாலையெல்லாம் உறைபனி.
வண்டியைக் கிளப்பித் திரும்பினால்
முன்னால் ஒரு டிராக்டர் உப்பு தூவிக்கொண்டே போகிறது.
ஆட்டுப்பட்டி ஃபெர்மின்.
வாய்க்கால் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தியவன்.
நான் கூப்பிடவில்லை.
நெடுஞ்சாலை வந்ததும் ஒதுங்கி
விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டான்.

பிள்ளைக்காக வந்தானா,
பள்ளிக்காக வந்தானா?
கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவான், அந்தப் பயம்.
இன்னமும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

செப்டம்பரில் அவளுக்குப் பன்னிரண்டு ஆகிறது.
பெரிய பள்ளிக்குப் பேருந்தில் போவாள்.
ஐந்து நான்காகும்.
சின்னவன் எந்த வகுப்பில் உட்காருவான்,
யார் எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்புவார்கள்,
முட்டை நிற்குமா
என்றெல்லாம் கணக்குப் போடுகிறேன்.
போடும் ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

உன் பையனுக்கு ஆறு வயது, இல்லையா?

ஆகவே என் யோசனையை நம்பாதே.
வேறு யாரிடமாவது கேள்,
பிள்ளை எண்ணாதவர்களிடம்.
வருவதானால் டயருக்குச் சங்கிலி வாங்கிக்கொள்,
நல்ல காலுறை, உனக்குப் பிடித்த காபித்தூள்.
எங்கள் தெருவிலேயே ஒரு வீடு காலி,
நேற்று எட்டிப் பார்த்தேன், கூரை ஒழுகவில்லை.
நாற்காலி நான் தருகிறேன்.

முதல் வாரம்
வாசலில் முட்டை இருக்கும்.
யார் வைத்தது என்று
கேட்காதே.