பெட் ஸ்பேஸ்

தேதியைக் காட்டத்தான் ஒருவரை உள்ளே விட்டோம்.
அவர் தனியாக வரவில்லை.
தம்பி வந்தான், தம்பியின் மச்சான்,
மச்சானோடு முன்பு வேலை பார்த்தவன்,
அவனுக்குச் சட்டை இஸ்திரி போடுகிறவன்.
ரோலாவில் எங்கள் அறையில் ஆறு கட்டில்,
எதில் யார் என்று இருட்டிலும் சொல்வேன்.
நிரலுக்குள் ஒரு நாள் எண்ணிப் பார்த்தால்
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர்
வாடகை தராமல் குடியிருந்தார்கள்.

நாங்களோ மூன்று பேர்.
நான், நத்தர்ஷா, ரோவெனா.
ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா பதினொன்றில்
டயர்க் கடைக்கு மேலே,
ஏசி ஒழுகுவதற்குப் பெயிண்ட் வாளி வைத்த அறை.
வேலையும் பெரிதில்லை:
எந்தத் தண்ணீர் லாரி எந்தக் கேம்ப்புக்கு,
எத்தனை கேலன், யார் கையெழுத்து.

அத்தனை பேரையும் அழைத்து வந்தவன் பென்ஹர்.
கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை.
வரைபடத்தில் லாரிகள் நீலப் புள்ளிகளாய் ஊரும்;
விருந்தாளி வந்தால் முதலாளி அதைத்தான் காட்டுவார்.
பென்ஹருக்குக் கனடா கிடைத்தது.
ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.
புள்ளிகள் எங்களிடம் இருந்தன.

பிறகொரு ஜூலை விடிகாலை
நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஏதோ ஒன்று
எங்கோ தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
ஜூலை எட்டு, ஆகஸ்ட் ஏழாகிவிட்டது.
அன்றைய லாரிகளெல்லாம் அடுத்த மாதத்தில் நின்றன.
அல் சஜாவில் ஒரு கேம்ப், இருநூற்றுப் பத்துப் பேர்,
இரவு ஷிஃப்ட் முடிந்து, சிமெண்ட் காய்ந்த தலையோடு
குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாளை ஓட்டியது
ரோவெனா எழுதிய இரண்டு தாள்,
நத்தர்ஷாவின் போன், அவனுடைய அரைகுறை உருது.
பதினேழாம் லாரி குல் ஜமான் கேட்டான்:
"இன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு லீவா?
வேலை சுருக்காக நடக்கிறதே."
கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் காலி செய்யத் தொடங்கினோம்.
ஒவ்வொருவராய் எழுப்பி, நீ யார், உனக்கு என்ன வேலை.
எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் வைக்க மட்டும் ஒருவன்.
இன்னொருவன் வந்துவிட்டானா என்று எட்டிப் பார்க்க ஒருவன்.
கடவுச்சொல்லைப் பூட்டுகிறவரை மட்டும் தொடவில்லை;
அந்தத் தொழில் எங்களுக்குத் தெரியாது,
தெரியும் என்று நினைத்திருந்தால் அது தனிக் கதை.

மிஞ்சியது ஒரு பட்டியல், ஒரு பக்கம்,
ரமலான் நேரத்துக்கு ஓர் இஃப்.
புள்ளிகள் போயின.
முதலாளி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.
அப்புறம் பழைய வரைபடத்தை அச்செடுத்து
ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.
நகராத லாரிகளை விருந்தாளிகள் இப்போதும் மெச்சுகிறார்கள்.

போன மாதம் துபாயில் ஓர் இன்டர்வியூ.
இருபத்திரண்டாவது மாடி, கண்ணாடிக்கு அப்பால் கடல்.
எதையெல்லாம் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்றார்கள்.
பென்ஹர் மூச்சுவிடாமல் பதினாறு பெயர் சொல்லியிருப்பான்.
நான் யோசித்துவிட்டு
"நிறைய எடுத்திருக்கிறேன்" என்றேன்.
அதைக் குறித்துக்கொள்ள அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

விசா பிப்ரவரி வரை.

திரும்பும் பஸ்ஸில் குல் ஜமான் அழைத்தான்.
விரிசல் விழுந்த அவன் போனில்
கையெழுத்துப் பக்கம் திறக்கவில்லையாம்.
எந்த வரி என்று எனக்குத் தெரிந்தது.
அல் நஹ்தா சிக்னலில் நிற்கும்போதே
ரோவெனாவிடம் சொன்னேன்: எண்பத்து மூன்று,
நேற்று நான் விட்ட ஒரு காற்புள்ளி.
சற்று நேரத்தில் அவன் மறுபடி அழைத்தான்.
பேசவில்லை.
லாரி கியர் மாறும் சத்தம் மட்டும்.