வரி நாற்பத்தொன்று

கீழ்க்கோத்தகிரி எடைக்கூடத்திலிருந்து
ரங்கியம்மாள் அழைத்தபோது மணி ஐந்து.
“தராசுல பச்சை எரியுது மேடம்,
ரசீதுதான் வரமாட்டேங்குது.
முப்பது பேரு நிக்கிறாங்க. மழை வேற.”

எடையை வாங்கி ரசீதாக்கி அனுப்பும்
பின்னணி நிரலுக்கு
எங்கள் ஆலையில் பூதம் என்று பெயர்.
கிணறு வெட்டினால் பூதம் புறப்படும் என்பார்கள்.
பொழுது சாய்ந்ததிலிருந்து வெட்டுகிறேன்.
ஐந்து முறை எழுப்பினேன்.
ஐந்து முறையும் கண்ணைத் திறந்து
உடனே மூடிக்கொண்டது.
ஆறாவது முறை,
இத்தனை அவசரமாய்க் கூப்பிட்டால் வருவதற்கில்லை
என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்தது.

பதிவேட்டில் ஒரே வாசகம்:
வரி நாற்பத்தொன்று. எதிர்பாராத எழுத்து.

நாற்பத்தொன்றில் ஓர் ஊர்ப்பெயர்,
ஒரு முக்காற்புள்ளி, தராசின் எண்.
எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
அழித்துவிட்டு அதையே மறுபடி அடித்தேன்.
வேறு ஊரை அந்த இடத்தில் உட்காரவைத்தேன்.
அந்த ஊரும் எதிர்பாராத எழுத்தானது.

கீழே வாடல் தொட்டிகளில் விசிறிகள் இரைகின்றன.
முற்பகல் இலை
ரசீது பற்றிய கவலை இல்லாமல் வாடுகிறது.
வாசம் மாடிப்படி ஏறி வருகிறது.
என் டீ ஆறி, மேலே ஏடு கட்டிவிட்டது.

குஞ்சப்பனைப் பக்கம் லாரி கவிழ்ந்தால்
கவிழ்ந்த பள்ளத்தில்தான் நாடா கட்டுவார்கள்.
டயர் வழுக்கியது
இரண்டு வளைவு மேலே இருக்கும்.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் நான்கு மணி நேரம்
பள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மேலே ஏறினேன்.
நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு.
எல்லாம் நேராக இருந்தன.
ரொம்பவே நேராக.
முக்காற்புள்ளிகள் ஒன்றின் கீழ் ஒன்று,
கவாத்து முடிந்த தேயிலைபோல
ஒரே மட்டத்தில்.

ஹால்துரை.
ஓரசோலை மையத்தைச் சேர்க்க வேண்டும் என்று
நேற்று இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்.
இருபத்தாறு வருடம் பேரேடு எழுதிய கை.
கோணலான பத்தியைக் கண்டால்
அவருக்குச் சாப்பாடு இறங்காது.

‘பலகை’க்கும் ‘பல கை’க்கும் நடுவே இருப்பது
எதுவுமில்லை.
அந்த எதுவுமில்லாததில் இரண்டு சாதி உண்டென்று
எந்தத் தமிழய்யாவும் எனக்குச் சொன்னதில்லை.

மறைந்திருப்பதைக் காட்டு என்று கட்டளையிட்டேன்.
வெற்றிடமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாயின.
முப்பத்தாறாம் வரியில் மட்டும்
புள்ளிகளுக்கு நடுவே
ஓர் அம்பு.
ஒரே தட்டில் எட்டுப் புள்ளி தாண்டும் விசை.
மனிதக் கண்ணுக்கு வெறும் வெள்ளை.
பூதத்துக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

அம்பை எடுத்தேன். இரண்டு புள்ளி வைத்தேன்.
எழுப்பினேன்.
கண்ணைத் திறந்தது. மூடவில்லை.

தராசுகள் விழுங்கி வைத்திருந்ததையெல்லாம்
ஒவ்வொன்றாய்க் கக்கின.
சோலூர்மட்டம், அரவேணு, கட்டபெட்டு.
கீழ்க்கோத்தகிரித் தராசு பழசு; அதற்கு ஞாபகம் கிடையாது.
ரங்கியம்மாள் அனுப்பியிருந்த படத்தைத் திறந்தேன்.
நாள்காட்டித் தாளின் முதுகில் பேனாவால்
பதினெட்டரை, இருபத்திரண்டு, ஒன்பதே கால்,
மழை பட்டு ஒரு பெயர் ஊறிப்போய்,
வரிசை முழுக்க வலப்பக்கம் சரிந்து
பள்ளத்தாக்கை நோக்கி இறங்கியது.
முப்பதையும் கையால் அடித்தேன்.
ஊறிய பெயருக்கு மட்டும் விடிய வேண்டும்.

மூடும் முன் கோப்பின் உச்சியில் ஒரு வரி.
‘இங்கே யாரும் அழகுபடுத்தக் கூடாது’ என்று எழுதி
அழித்தேன்.
முன்னால் சதுரக் குறி போட்டால்
பூதம் அந்த வரியைப் படிக்காது,
அது மனிதருக்கு மட்டும்.

# ஹால்துரை சார், பார்க்க அழகாகத்தான் இருந்தது.
# காலையில் வந்ததும் என்னைக் கூப்பிடுங்கள்.

இரண்டு வரியையும்
ஒன்றின் கீழ் ஒன்றாக
நேராக வைத்தேன்.