குதிரைக் காது

சீத்தா கேம்ப். காலை ஐந்தே கால்.
எனக்கு முன்னால் பதினோரு பேர்,
ஆளுக்கொரு பெயிண்ட் டப்பா.
உள்ளங்கையில் இரண்டு ரூபாய் வியர்க்கிறது.

மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
அதற்குள் போகிறவள்
ஆள் இருப்பது தெரியப் பாடிக்கொண்டே இருக்கவேண்டும்.
எனக்குப் பாட்டு வராது.
என் குடலுக்கு அவசரப்பட வராது.
வெளியே ஒருத்தி டப்பாவால் தட்டினால் போதும்,
உள்ளே சண்டைச் சத்தம் கேட்டுப்
படியோடு திரும்பும் விருந்தாளி மாதிரி
வந்தது திரும்பிவிடும்.

இன்றோடு நாலு நாள்.

செம்பூர் கடையில் பில் போடுகிறேன்.
ஓட்ஸ், கோதுமைத் தவிட்டு பிஸ்கட்,
'நார்ச்சத்து நிறைந்தது' என்று நெற்றியில் எழுதிய பெட்டிகள்
பீப், பீப் என்று என்னைக் கடந்து போகின்றன.
எனக்குள் மட்டும் எதுவும் கடப்பதில்லை.

மருந்துக்கடை ஜிக்னேஷ் பாய்
முகத்தைப் பார்த்தே மருந்தெடுப்பவர்.
"இசப்கோல். எங்கள் மெஹ்சாணா பக்கத்துக் குளிர்காலப் பயிர்.
அறுக்கும்போது ஒரு தூறல் விழுந்தாலும்
விதை வயலிலேயே ஊதிப்போய்
மாமாவின் வருஷம் முடிந்தது" என்றார்.
பாரசீகத்தில் குதிரைக் காது என்று அர்த்தமாம்.
கொட்டிப் பார்த்தேன்:
காது இல்லை, காதின் மேல்தோல்.
மூச்சு விட்டால் பறக்கும் உமி.

"ஒரு ஸ்பூன், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர்.
கலக்கியதும் குடித்துவிடு,
யோசித்தால் கூழாகிவிடும்.
நாள் முழுக்கத் தண்ணீர் குடி.
குடிக்காவிட்டால் இதுவே உள்ளே போய் சிமென்ட்."
கெட்ட கொழுப்பும் கொஞ்சம் இறங்குமாம்,
சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையும்.
அருளப்பனுக்கும் ஆகும், ஆனால்
அவர் மாத்திரைக்கும் இதற்கும்
இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

எல்லாம் சரி, பாய்.
தண்ணீர் என்றீர்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது.
கடையில் கழிவறை இரண்டாம் மாடி.
சூப்பர்வைசர் கையெழுத்து, எட்டு நிமிஷம்,
ஷிஃப்டுக்கு ஒரு முறை.
ஒன்பது வருஷமாக நான் தண்ணீர் குடித்ததில்லை,
உதட்டை நனைத்திருக்கிறேன்.
சப்பாத்திக்கும் வடாபாவுக்கும் நடுவில்
நார் தொலைந்தது பாதிக் காரணம்.
மீதிப் பாதிக்குப் பெட்டியில் மருந்து இல்லை.

ராத்திரி கலக்கினேன்.
ருசியில்லை, மணமில்லை,
யாரையும் குறை சொல்லாத பண்டம்.
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து
மெல்ல, வெட்கமில்லாமல்
இடத்தை அடைத்துக்கொண்டது.
அந்தத் தைரியத்தையும் சேர்த்து விழுங்கினேன்.

மறுநாள் கவுண்டரில் ஒரு லிட்டர் பாட்டிலை
எல்லாரும் பார்க்க வைத்தேன்.
மூன்று மணிக்கு இரண்டாவது சீட்டு நீட்டியபோது
சாவந்த் சார் கேட்டார், "என்ன ஆச்சு?"
"தண்ணீர் குடித்தேன் சார்."
எழுத ஒரு காரணமும் கிடைக்காமல்
கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை
முப்பத்தைந்து ரூபாய்த் தாழ்ப்பாளும்
மும்தாஜ் வீட்டு ஸ்க்ரூ டிரைவருமாய்ப் போனோம்.
அவள் பிடித்தாள், நான் முடுக்கினேன்.
வரிசை முணுமுணுத்தது.
முதல் ஆளாக உள்ளே போனேன்.

டப்பா தட்டியது.
"ஆள் இருக்கு" என்றேன்,
ராகமில்லாமல்.
வயிறு அதை நம்பியது.

ஞாயிற்றுக்கிழமை தாழ்ப்பாளை
யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
திங்கள்கிழமை வேறொன்று வாங்கினோம்,
கூடவே நாலு நீள ஆணி.