விளக்கம்

ஐயா,
ந.க. எண் போட்டு, கீழே கோடிட்டு
தாங்கள் அனுப்பிய குறிப்பாணை
ஷட்டர் ரூமில் கிடைக்கப்பெற்றேன்.
உத்தரவின்றி மதகைத் திறந்தது ஏன் என
மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.
இது இரண்டாம் நாள்.
முதல் நாள் தூங்கிவிட்டேன்.

கெடிலம் கடலுக்குப் போகிற ஆறுதான்,
ஆனால் கடலும் அதற்குள் வரும்.
கடல் ஏறும்போது திறந்தால் ஆறு தெருவுக்குள் வரும்,
வற்றும்போது திறந்தால் தெருத்தண்ணீர் ஆற்றில் இறங்கும்.
கிடைப்பது மூன்று, நான்கு மணி நேரம்.
அது ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை.

போன முறை மழைக்கு இருந்த ஆணையர்
நேர்மையானவர். சொல்லாவிட்டால் பாவம்.
டீசல் திருட்டு அவர் காலத்தில்தான் நின்றது.
விரல் வைத்தால் பச்சை விளக்கு,
வைக்காவிட்டால் சம்பளத்தில் வெட்டு.
நான் ஒருநாளும் தவறியதில்லை.
அன்றிரவு இரண்டு மணிக்கு ஆறு இறங்கியதைப் பார்த்தேன்.
மேஸ்திரிக்குப் போன் போட்டேன்,
அவர் உதவிப் பொறியாளரைக் கேட்கச் சொன்னார்,
அவர் விடியட்டும் என்றார்.
யாரும் தப்புச் செய்யவில்லை.
ஒன்பது பத்துக்கு உத்தரவு வந்தது,
தேதி, முத்திரை எல்லாம் சரி.
கடல் அதற்குள் திரும்பியிருந்தது.
பாடலீஸ்வரி வீட்டுத் தையல் மிஷினில்
மிதிபலகைக்கு மேல் தண்ணீர்.
வருகைப் பதிவேட்டில் அந்த மாதம்
நான் நூற்றுக்கு நூறு.

பிறகு மெகருன்னிசா மேடம். எட்டே மாதம்.
ஒரு விடியற்காலை ரூமுக்கு வந்து
ஸ்டூலைத் துடைக்கவிடாமல் உட்கார்ந்து
"எப்பத் திறக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.
பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை,
எனக்கு நாக்கு எழவில்லை.
டார்ச் அடித்துக் கரைச்சுவரைக் காட்டினேன்.
நண்டுகள் மூன்றாம் கல்லுக்கு இறங்கினால்
ஆறு இறங்குகிறது, அவ்வளவுதான்.
"தண்ணி உங்களைக் கேட்டுக்கிட்டா வருது?
நீங்க திறங்க, கையெழுத்து நான் போடுறேன்."
அன்றிலிருந்து நோட்டு ஒன்று எழுதுகிறேன்.
எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அவரிடமும் குறை உண்டு.
மேஸ்திரி வில்வநாதன் அந்த எட்டு மாதமும்
பூவரச நிழலில் படுத்தே கிடந்தார்,
மேடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
மாற்றல் வந்தது, போய்விட்டார்.
என்னிடம் இருப்பது அவர் வாய்ச்சொல்.
வாய்ச்சொல்லுக்கு ந.க. எண் கிடையாது.

பதினான்காம் தேதி இரவு இரண்டு நாற்பதுக்கு
நண்டுகள் மூன்றாம் கல்லில் இருந்தன.
திறந்தேன். ஐந்து ஐம்பதுக்கு மூடினேன்.
நோட்டின் நகல் இணைத்துள்ளேன்,
ஒரு பக்கம் நனைந்திருப்பதற்கு மன்னிக்கவும்.
தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை.
வராத தண்ணீரை யார் பார்த்தார்கள்?

தண்டனை தருவதானால் தரலாம் ஐயா.
மதகின் திருகு இறுகிக் கிடக்கிறது,
அன்று திறக்க இருபது நிமிஷம் ஆனது.
கிரீஸ் கேட்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன்.
இதோடு நான்கு.

இப்படிக்கு,
கு. தேசிங்கு
மதகுக் காவலர், கூடுதல் பொறுப்பு
கடலூர்