கயிறு எறிபவளின் விடுமுறை

ஏழு வருடமாக
நாளுக்கு இருபது தடவை
இந்தத் தீவைக் கயிறு வீசிப் பிடிக்கிறேன்.
முடிச்சு போட்டு, அவிழ்த்து, போட்டு, அவிழ்த்து.
உள்ளே போனதில்லை.

'பார்த்துக் கால் வையுங்கள்' என்று
நான்கு மொழிகளில் சொல்வேன்.
ஐந்தாவது மொழி, சும்மா கையை நீட்டுவது.
கிழவர்களும் புதுமணப்பெண்களும்
ஒரே மாதிரிதான் பிடிக்கிறார்கள்,
விரல் நோக.

ஸ்ட்ரேசாவில் ஏறும்போது
யாருக்கும் வாய் ஓயாது.
திரும்பும்போது கால்வலி,
கைப்பேசி நிறைய மயில்.
வெள்ளை மயில்.
சோப்பு போட்டார்களா என்று
ஒரு குழந்தை என்னைக் கேட்டது.
போட்டிருக்கலாம். எனக்கென்ன தெரியும்.

அக்டோபர் கடைசிச் செவ்வாய்.
சீருடை கொடியில் காய்கிறது.
வரிசையில் நின்றேன்.
சீட்டுக் கூண்டுக்குள்ளிருந்து பியெரெல்லா
'உனக்கெதற்கு' என்று காசைத் தள்ளினாள்.
நானும் தள்ளினேன்.
மூன்றாம் முறை வாங்கிக்கொண்டாள்,
கோபமாக.

பலகையருகே கை நீட்டிய டாவிடே
முகத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டான்.
'நீட்டுடா' என்றேன்.

அரண்மனையில் எத்தனை அறை, எண்ணவில்லை.
கீழ்த்தளத்தில்
சுவர், கூரை, தூண் எல்லாம் கூழாங்கல்.
தண்ணீரை வெளியே நிறுத்திவிட்டு
ஏரியின் அடியை மட்டும்
உள்ளே அழைத்துவந்த மாதிரி.
கோடையில் பிரபுக்கள் இங்கே குளிர்ந்திருந்தார்களாம்.
அவர்களைத் துடுப்பு போட்டுக் கொண்டுவந்தவன்
எங்கே குளிர்ந்தான் என்று
பலகையில் எழுதவில்லை.

அடுக்கடுக்காகத் தோட்டம்.
பார்ப்பதற்குத் தீவே ஒரு கப்பல் என்றார் வழிகாட்டி.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இதை எந்தத் துறையில் கட்டுவது?
யார் எறிவது?

எலுமிச்சைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து
வந்தது அது.
தோகை உதிர்த்த மாதம்.
ஓரமெல்லாம் சேறு.
நம் படகின் பின்கதவுக் கீல்போலக் கத்தியது.
யாரும் படமெடுக்கவில்லை.
நானும் அதுவும்
சற்று நேரம்
வேலையில்லாதவர்களாக நின்றோம்.

பிறகு தெற்கிலிருந்து இன்வெர்னா எழுந்தது,
மதியத்துக் காற்று.
பல்லான்சாப் பக்கம் தண்ணீர்
செதில் செதிலாக நிமிர்ந்தது.
மூன்றரைப் படகு.
மேலிருந்து பார்க்க
டாவிடே ஒரு கட்டைவிரல் அளவு.
எறிந்தான்.
காற்றைக் கணக்கில் வைக்கவில்லை.
கயிறு தண்ணீரில் விழுந்தது.

என் வலது தோள்
தானாகவே பின்னால் போனது.
பக்கத்தில் நின்ற பெண்
ஓரடி தள்ளி நின்றாள்.

இரண்டாம் எறி விழுந்ததா தெரியாது.
குனிந்து பார்த்தேன்:
மயில் என் காலணிக் கயிற்றை
இழுத்துக்கொண்டிருந்தது.