ஒழிய

டெல்ஃபீன் ஷிமான்ஸ்கி காரை ஓரங்கட்டி
எஞ்சினை அணைக்கிறாள்.
டொலீடோ நகரம், பிப்ரவரி, காலை ஏழேகால்.
மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுக்கிறது.
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை
முப்பத்தைந்து நிமிடத்துக்கு முறுக்குகிறாள்.
தக்காளி வடிவம். கடையில் அதுதான் மிச்சமிருந்தது.

ஸ்டீயரிங் மேல் புத்தகம், பழைய விலைக்கு வாங்கியது.
முன்பு வைத்திருந்தவர்
பாதி விடைகளைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார்,
வட்டமிட்டதில் பாதி தப்பு.
அந்த ஆள் சட்டக் கல்லூரிக்குப் போனாரா தெரியாது.
போயிருக்க மாட்டார்.

இந்த வாதம் எதன் மேல் நிற்கிறது?
சொல்லாமல் விட்ட தூண் எது?
எதை உருவினால் கூரை இறங்கும்?

பின்சீட்டில் எட்டு உறைகள், ஒரு டேப் சுருள்.
எட்டுக் கதவு. கதவுக்கு இவ்வளவு என்று கூலி.
வாடகைக்காரர் திறந்தால் கையில் கொடுப்பாள்,
திறக்காவிட்டால் ஒட்டுவாள்.
ஆறு வருடத்தில் எந்தக் காகிதம்
எந்தக் குளிரில் ஒட்டாது என்று கற்றிருக்கிறாள்.
பரீட்சையில் அது வராது.

பதினோராம் கேள்வியில் மறுபடி அந்தச் சொல்.
*முன்பணம் கட்டினாலொழிய உறுப்பினராக முடியாது.*
கட்டியவரெல்லாம் உறுப்பினரா?
இல்லை. தெரியும். ஆனாலும் பேனா அங்கேதான் போகிறது.

அவளுக்குத் தெரியாத ஒன்று
தமிழில் எழுதுவதால் எனக்குத் தெரிகிறது:
நம் வாயில் இந்தச் சொல் வீட்டையும் காலி செய்யும்.
பணம் தந்தாலொழிய இருக்க முடியாது,
வீட்டை ஒழித்துக் கொடு.
ஒரே வேர். ஒரே கதவின்
உள்பக்கமும் வெளிப்பக்கமும்.

தக்காளி ஓடிக்கொண்டிருக்கையிலேயே இறங்குகிறாள்,
எட்டு மணிக்கு மேல் மாடி வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விடுவார்.

ஆஸ்மண்ட் ப்ரூவிட். ஒரு காலில் மட்டும் சாக்ஸ்,
வாயில் பிரஷ்.
பின்னால் ஒரு பையன் கிண்ணத்தைத் தூக்கிப் பால் குடிக்கிறான்.
"மறுபடியும் நீங்களா?"
"இது கோர்ட் காகிதம்."

நீட்டும்போதுதான் கண்ணில் படுகிறது முத்திரை:
வழக்குப் பதிவு, திங்கள், ஒன்பது பத்து.
மூன்று நாள் நோட்டீஸை இந்தக் கதவில் ஒட்டியது அவள்.
வெள்ளி மாலை, விரல் மரத்துப்போய், இரண்டு முறை.
ஒட்டிய நாள் கணக்கில் இல்லை.
சனி இல்லை. ஞாயிறு இல்லை.
திங்கள்தான் ஒன்று.
முதல் நாள் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை,
அதற்குள் வழக்கு.

தூண்.
புத்தகத்தில் ஒரு தடவையும்
இவ்வளவு சீக்கிரம் தெரிந்ததில்லை.

ஆனால் வக்கீல் அல்லாதவர் வழி சொல்லக் கூடாது.
வேலைக்குச் சேர்ந்த அன்று
நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"படிச்சுப் பாருங்க," என்கிறாள். "தேதிகளை."
"எந்தத் தேதி?"
"எல்லாத் தேதியும். காலண்டர் இருக்கா?"
பிரஷ்ஷால் சுவரைக் காட்டுகிறார்.
பீட்சா கடை காலண்டர், போன வருடத்தது.

படியில் பாதி இறங்கியவள் திரும்புகிறாள்.
"கோர்ட்டில் இலவச வக்கீல் மேசை ஒன்று உண்டு.
ஒன்பதுக்குத் திறக்கும்.
இரண்டு காகிதத்தையும் கொண்டு போங்க.
இரண்டையும்."
எங்கே என்று சொன்னாள், என்ன என்று சொல்லவில்லை.
அந்தக் கோட்டின் மேல் நிற்கிறாளா, தாண்டிவிட்டாளா?
கொடுத்த ஐந்தில் எது சரி?

அவர் தலையாட்டினார். நுரை சொட்டியது.
பழைய நோட்டீஸை
வைத்திருக்கிறாரா, எறிந்துவிட்டாரா,
அவள் கேட்கவில்லை.

காருக்குள் தக்காளி எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது.
பதினான்கு கேள்வி பாக்கி.
தப்புக்கு மதிப்பெண் குறையாது,
தெரியாவிட்டால் எதையாவது நிரப்பு என்கிறது முன்னுரை.
பேனாவை எடுத்தாள்.
வைத்தாள்.

ஏழு உறைகள். மேலே இருந்ததைப் பிரிக்காமல்
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள்,
தேதி தெரிகிறதா என்று.