நகம் இறங்குகிற ரயர்

வெள்ளிக்கிழமை.
கொக்குவில் முழுக்க மரக்கறி.
எவ்வளவு கோர்ண் அடிச்சாலும் படலை திறவாது.
அதால ரயர் வாங்க ஸ்ரான்லி வீதிக்குப் போனன்.

"என்ன வண்டி அக்கா?" எண்டான் கடைப் பெடியன்.
"மோட்டச்சைக்கிள்."
"என்ன மொடல்?"
"வெளியில வந்து பார்."

வந்து பார்த்தான்.
பழைய நூற்றிருபத்தைஞ்சுக்கு இடப்பக்கம் பைப் ஒட்டி
பெட்டி ஏத்தி மூண்டாம் சில்லும் பூட்டினது
நாவாந்துறை லூர்துநாயகம்.
வளைவில சாயாது, விறைச்சுக்கொண்டு திரும்பும்.
சாயிற வண்டிக்கெண்டு உருண்டையா வார்த்த ரயர்
நடுவில மட்டும் தேய்ஞ்சு
மீன் வெட்டுற கட்டை மாதிரித் தட்டையாப் போச்சு.

மூண்டு ரயர் இறக்கினான்.
ஒண்டு கல்லு.
"முப்பதாயிரம் ஓடும், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ."
கண்ணை மூடச் சொல்லி நானும்
எத்தினை பேருக்குப் பாரை வித்திருப்பன்.
அடுத்தது கட்டை கட்டையா முளைச்சது,
கோண்டாவில் செம்பாட்டுச் சேத்துக்கு நல்லம்,
தார் றோட்டில உறுமும்.

மூண்டாவதில பெருவிரலை வைச்சு அமத்தினன்.
நகம் இறங்கிச்சு.
எடுக்க, தழும்பு மெல்ல மூடிச்சு.
விடியப்புறம் வலையால கழட்டின விளைமீனும்
இப்பிடித்தான், அமத்தின குழி நிக்காது.

பக்கத்தில நாலு இலக்கம் தேடினன்,
எந்தக் கிழமை எந்த வருசம் வார்த்ததெண்டு.
செவுளை உயர்த்திப் பாக்கிற வேலைதான்.
கல்லு ரயருக்கு ஆறு வயசு.
"ஐஸில கிடந்ததோ தம்பி?"
பெடியனுக்கு விளங்கேல்லை.
உள்ளுக்க இருந்த முதலாளி சிரிச்சிட்டார்.

"மெதுவானது கெதியாத் தேயும் அக்கா.
எட்டு மாசம். உங்கட பாரத்துக்கு ஏழு."

ஏழு மாசத்துக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு எண்டு
ஒரு கணக்கு.
மற்றக் கணக்கு பாசையூர்த் துறையில,
செதிலும் உப்புத் தண்ணியும் பூசின சீமெந்துச் சரிவு.
போன கார்த்திகை, பாதிச் சரிவில
பின் சில்லு நிண்ட இடத்தில சுத்த,
வண்டி பெட்டியோட பின்னுக்கு,
கடலுக்கு முதுகு காட்டி
மரியாதையா இறங்கிச்சு.
பதினொரு கிலோ நண்டு, கால் கட்டாதது.
துறை முழுக்கச் சிரிச்சுது.
நண்டுகளுக்குச் சிரிக்க நேரமில்லை.

இடப்பக்கம் திரும்பேக்க பெட்டி கிளம்பும்,
ஐஸ்கட்டி போட்டா அடங்கும், அது பழகிப்போச்சு.
பின் சில்லு கையை விடுறது மட்டும்
எத்தினை வருசம் ஓடினாலும்
வயித்துக்குள்ள புதுசாத்தான் இருக்கு.

"இதைப் போடு. பதினாறு."
"பதினெட்டு அக்கா, கடைசி."
எழும்பினன். செருப்பையும் மாட்டினன்.
"பதினேழு!" உள்ளுக்கிருந்து முதலாளி.
என்ர ஆக்கள் படலைக்குள்ள திரும்பேக்க
நானும் இந்தக் குரலிலதான் கத்துறனான்.

"முதல் நூறு கிலோமீற்றர் கவனம்.
அச்சில பூசின மெழுகு போகவேணும்."
பின்னேரம் வண்டியை ஸ்ராண்டில ஏத்தி
தும்பும் கடல் மண்ணும் போட்டு உரஞ்சினன்.
"சட்டியெண்டு நினைச்சியளோ அம்மா?" எண்டாள்
மகள் றெஜினா, போனில இருந்து கண் எடுக்காமல்.

சனி விடிய, சரிவு.
பெட்டியில நாற்பது கிலோ.
பாதியில ஒருக்கா யோசிச்சுது சில்லு.
நான் முறுக்கவுமில்லை, விடவுமில்லை.
பிடிச்சுது.

மேல வந்து திரும்பிப் பார்த்தன்.
சீமெந்து காய்ஞ்ச இடத்தில கறுப்பா ஒரு கோடு,
ஒரு முழம் வரும்.
ஏழு மாசத்தில அரை நாள் அதில போயிருக்கும்.
துறையில ஆரும் நிமிந்து பாக்கேல்லை.
எனக்கு அது கொஞ்சம்
ஏமாற்றமாவும் இருந்துது.